படத்தில் இல்லாத நீலம்

சினிமாவைப் பற்றி என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. கேட்காமலே சொல்கிற பழக்கம் எனக்கு உண்டு. பெஞ்சு டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்தவன் என்கிற தகுதி அதற்குப் போதும் என்று நினைக்கிறேன். ரசிகன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள மாட்டேன். எந்த நடிகருக்காகவும் நான் சூடம் கொளுத்தியதில்லை. எந்த நடிகைக்காகவும் சாப்பிடாமல் படுத்ததில்லை. பிடித்த படத்தைக் கடைசிவரை பார்ப்பேன். பிடிக்காத படத்தையும் கடைசிவரை பார்ப்பேன், காசு கொடுத்தாயிற்றே.

நான் சொல்வது ஐம்பதுகளின் கடைசியையும் அறுபதுகளின் தொடக்கத்தையும். அப்போது வந்த படங்களில் ஒருவன் ஏழை என்றால் சட்டையில் ஒரு ஒட்டுப் போட்டிருப்பார்கள். ஒட்டைச் சுற்றியுள்ள சட்டை வெள்ளாவி வைத்து, இஸ்திரி போட்டு, மடிப்புக் கலையாமல் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஏழைகளுக்குப் பஞ்சமில்லை. ஒட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்ட ஏழையை மட்டும் நான் பார்க்கவில்லை. கல்லூரியில் படிக்கிற கதாநாயகனுக்குத் தொப்பை இருக்கும். அவனுடைய தாயார் தையல் மிஷினை மிதித்துக்கொண்டே ஒரு தடவை இருமுவார். இருமிவிட்டால் இடைவேளை தாண்ட மாட்டார். என் பக்கத்தில் இருப்பவர் அந்த முதல் இருமலுக்கே மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிடுவார். எனக்கு அழுகை வராது. நெஞ்சு கல் என்பதால் அல்ல. அந்தத் தாயாரின் முகத்தைப் படம் வருவதற்கு முன்பே ஒரு வாரம் முழுக்க, ஈர மை வாடையோடு, தாள் தாளாகப் பார்த்துச் சலித்திருப்பேன். அது எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

ராஜா கதைகள் எனக்குப் பிடிக்கும். யாராவது சாய்ந்தால் அரண்மனைத் தூண் லேசாக அசையும். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே முன்னால் நகர்ந்து உட்காருவேன். கத்திச் சண்டையில் குறை சொல்ல மாட்டேன். நீதிமன்றக் காட்சி வந்தால் தூங்கிவிடுவேன். வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து கூடவே சொல்கிறவர்கள் சுற்றிலும் இருப்பார்கள். அந்த முணுமுணுப்பு தூக்கத்துக்கு ரொம்ப நல்லது.

சாமி படங்களைச் சிவகாசியில்தான் பார்க்க வேண்டும். மற்ற ஊர்களில் திரையில் சாமி தோன்றினால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சிவகாசியிலும் போட்டுக்கொள்வார்கள், ஆனால் அதற்கு முன்னால் சாமியோடு வருகிற வெடியையும் புகையையும் எடைபோட்டுவிடுவார்கள். தரை டிக்கெட்டில் பாதிப் பேர் பட்டாசுக் கம்பெனி ஆட்கள். மத்தாப்புக்கு மருந்து பிசைந்த கை எத்தனை கழுவினாலும் சுத்தமாகாது. மேலே ஓடுகிற வெளிச்சம் பட்டால் உள்ளங்கைகள் வெள்ளியாக மினுங்கும். அரக்கன் மாய மந்திரம் போட்டுப் புகையில் மறைவான். உடனே ஒரு குரல் கேட்கும்.

"நமத்த சரக்குலே! எவன்டா மெட்ராஸ்ல கலந்தது?"

கொட்டகை முழுக்கச் சிரிக்கும். அரக்கனுக்கு அதன்பின் மரியாதை போய்விடும்.

நான் வேலை பார்த்தது சிவகாசியில் ஓர் அச்சகத்தில். ஆடியில் ஆரம்பித்துத் தை வரைக்கும் காலண்டர் சீசன். அது முடிந்தால் சினிமா வால்போஸ்டர். மெட்ராஸ் படக் கம்பெனிகளிலிருந்து ஆர்டர் வரும். கூடவே சில போட்டோக்கள் வரும். படம் அப்போது பாதிகூட எடுத்து முடித்திருக்க மாட்டார்கள். போட்டோக்களை வைத்து எங்கள் ஆர்ட்டிஸ்ட் பெரிதாக வரைவார். அவர் வரைந்ததைக் கலர் கலராகப் பிரித்து அச்சுக் கல்லில் ஏற்றி, ஒரே தாளை மஞ்சளுக்கு ஒரு தடவை, சிவப்புக்கு ஒரு தடவை, நீலத்துக்கு ஒரு தடவை, கறுப்புக்கு ஒரு தடவை என்று மிஷினில் ஓட்டுவோம். ஆர்டர் வாங்குவதிலிருந்து லோடு ஏற்றுவதுவரை பார்த்துக்கொள்வது என் வேலை.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. அந்தப் படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. வந்த போட்டோக்களும் கறுப்பு வெள்ளை. எங்கள் போஸ்டர் மட்டும் கலர். கதாநாயகி என்ன நிறத்தில் சேலை கட்டியிருந்தாள் என்று மெட்ராஸிலிருந்து யாரும் எழுத மாட்டார்கள். "நாலு கலர், பளிச்சென்று இருக்க வேண்டும்" என்று மட்டும் இருக்கும். எனவே அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தது நானும் ஆர்ட்டிஸ்டும்தான்.

ஆர்ட்டிஸ்ட் முஸ்லிம் தெருக்காரர், என்னைவிட மூத்தவர். காலண்டர் சீசனில் கண்ணனும் முருகனும் இயேசுவுமாக வரைந்து தள்ளிவிட்டுப் போஸ்டருக்கு வரும்போது கை சோர்ந்திருப்பார். திறந்த மை டப்பாவை வைத்திருந்தால் பாலில் ஏடு படிகிற மாதிரிப் படிந்துவிடும், தீர்த்தாக வேண்டும். தூரிகையைக் காதில் செருகிக்கொண்டு அவர் கேட்பார்:

"ஏலே, கண்ணன் மிச்சம் எம்புட்டு இருக்கு?"

கண்ணன் காலண்டருக்கு வாங்கிய நீலத்தைத்தான் அப்படிச் சொல்லுவார். நிறைய இருக்கிறது என்றால் கதாநாயகி அந்த மாதம் நீலம் கட்டுவாள். மாசியில் நாங்கள் அடித்த போஸ்டர்களில் அத்தனை கதாநாயகிகளும் நீலம் கட்டியதற்கு வேறு காரணம் ஏதும் இல்லை.

போஸ்டர் ஊர் ஊராகப் போய்ச் சுவரில் ஏறும். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "அந்த நீலச் சீலை கட்டிக்கிட்டு அவ அழுவுற எடம் இருக்கே" என்பார்கள். எந்த நீலம் என்று யாரும் கேட்டதில்லை. கண் திரையில் சாம்பலைப் பார்க்கும், நினைவு சுவரிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளும். எனக்கே அப்படித்தான். நான் பார்த்த கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் இன்றைக்கும் ஞாபகத்தில் கலரில்தான் ஓடுகின்றன. போட்ட ஆளுக்கே இந்தக் கதி.

எனக்குப் பெண் பார்த்தது காரியாபட்டியில். பெண்ணின் தகப்பனார் அங்கிருந்த கிறிஸ்தவக் கோயிலில் உபதேசியார், குருவானவர் வராத வாரங்களில் ஆராதனை நடத்துகிறவர். பெண் அதே காம்பவுண்டில் இருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். நாங்களும் வேதக்காரர்கள்தான். ஆனால் சிவகாசியில் நாங்கள் கொஞ்சம் தளர்ந்துபோனவர்கள். உபதேசியார் தளராதவர். வெற்றிலை கிடையாது, சீட்டுக் கிடையாது, சினிமா கிடையவே கிடையாது. அவருடைய சபையில் ஓர் ஏற்பாடு இருந்தது. சினிமாவுக்குப் போனவர்கள் உபதேசியாரிடம் வந்து சொல்லிவிட வேண்டும். அப்பமும் ரசமும் கொடுக்கிற அடுத்த திருவிருந்து ஆராதனையில், மற்றவர்கள் எழுந்து பீடத்துக்குப் போகும்போது, அவர்கள் பாயிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். வேறு தண்டனை கிடையாது. எல்லோரும் எழுந்து போன பாயில் தனியாக உட்கார்ந்திருப்பது போதாதா?

பெண் பார்க்கப் போன அன்று அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பி சினிமாவுக்குப் போறதுண்டா?"

என் அண்ணன் என் தொடையைக் கிள்ளினான். நான் மறைக்கவில்லை. "போஸ்டர் அடிக்கிற வேலை. அதனால போறதுண்டு" என்றேன்.

அவர் வெகுநேரம் யோசித்தார். பிறகு, "வேலைக்குப் போறது வேற" என்றார். கல்யாணம் நிச்சயமாயிற்று. அந்த வாக்கியத்தை நான் சர்டிபிகேட் மாதிரி வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் நான் பார்த்த எல்லாப் படங்களும் வேலைதான்.

கல்யாணமாகிச் சிவகாசிக்கு வந்த புதிதில் ஒரு நாள் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, அந்த நீலச் சீலைக்காரி படியில உக்காந்திருக்காளே, அவ கடைசியில பொழைச்சாளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காதவள் படத்தின் முடிவைக் கேட்கிறாளே என்றுதான். விசாரித்தேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கி ஒன்று. அதன் நீளச் சுவரில்தான் காரியாபட்டி டூரிங் கொட்டகைக்காரர்கள் போஸ்டர் ஒட்டுவார்கள். சின்ன வயதிலிருந்து அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்திருக்கிறாள். கொட்டகை போட்டிருந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு போஸ்டர் மாறும். ஒவ்வொன்றுக்கும் அவளாகவே ஒரு கதை வைத்திருந்தாள். துப்பாக்கி பிடித்தவன் ஏன் சிரிக்கிறான், மூலையில் இருக்கிற கிழவர் யாருக்கு அப்பா, எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஒரு வருஷம் மழைக்கு முந்தியே கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியாக ஒட்டிய போஸ்டர் அப்படியே மாதக்கணக்கில் நின்றுவிட்டது. அதுதான் நீலச் சேலைக்காரி.

எங்கள் அச்சகத்தில் அடித்தது. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. படிக்கட்டில் ஒரு பெண் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே ஓரத்தில் அச்சுக் கல்லில் மைக்கறை விழுந்துவிட்டது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. ஆர்ட்டிஸ்ட் அந்தக் கறையை ஒரு பூனைக்குட்டியாக மாற்றிவிட்டார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். தெருவிலிருந்து பார்த்தால் அது பூனை என்றே தெரியாது, சுவருக்குப் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும்.

என் மனைவி சொன்ன கதையில் அந்தப் பெண்ணின் அண்ணன் கப்பலுக்குப் போயிருக்கிறான். போகும்போது ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். குட்டி வளரவே இல்லை. அது வளர்ந்தால் அண்ணன் வருவான் என்று அவள் படியில் காத்திருக்கிறாள். நிஜப் படத்தில் ஒரு மாமியார், ஒரு திருட்டு நகை, நீளமாக ஒரு நீதிமன்றம். நான் அதில் பாதி தூங்கியிருந்தேன். இரண்டில் எது நல்ல கதை என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன்.

அவளுக்கு அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு படம் எதுவும் வேண்டாம். இதை அவள் நேரடியாகச் சொல்ல ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சொன்னபோது முகம் வெளுத்திருந்தது.

"அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னைய விட அவுகளுக்குத்தான் கேவலம். ஊரையெல்லாம் பாயில உக்கார வச்சவுக. சொந்த மகளை எப்படி உக்கார வைப்பாக?"

"தெரியாம போயிட்டு வந்துருவோம்."

"தெரியாட்டாலும் நான் சொல்லித்தான ஆகணும்? சொல்லாம எப்படிப் போயி முழங்கால் போடுறது?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் அந்த நீலம் நடந்து போறதை ஒருக்கப் பாத்துரணும்" என்றாள்.

அந்த வார்த்தையில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் கறுப்பு வெள்ளை என்பது அவளுக்குத் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் அதிலேயே புழங்குகிறவனுக்கு அது சொல்ல வேண்டிய சங்கதியாகப் படாது. அவளிடம் சொல்வதற்கும் யாரும் இருக்கவில்லை. வீட்டில் சினிமாப் பேச்சே கிடையாது. வகுப்பில் படம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளும் "நீலச் சீலை" என்றுதான் பேசியிருக்கின்றன.

பழைய படங்களை விருதுநகரில் மறுபடி போடுவார்கள். அந்தப் படம் வந்தது. சிவகாசியில் என்றால் டீச்சரம்மா கொட்டகைக்குப் போனது அன்றைக்கே தெருவெல்லாம் தெரிந்துவிடும். விருதுநகருக்கு மொத்தக் கடையில் மிளகாய் வற்றல் வாங்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு சனிக்கிழமை ரயிலில் போனோம். பொய்யாக இருக்கக் கூடாது என்று அவள் நிஜமாகவே வற்றல் வாங்கினாள். பெரிய பை நிறைய வாங்கினாள். அதைத் தூக்கிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போனோம்.

பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எட்டிப் பார்த்தால் தலைகள்தான் தெரியும். படம் ஆரம்பித்தது. நான் முன்பே தூங்கிய படம் என்பதால் விழித்திருந்து பார்த்தேன். மாமியாராக வந்தவர் நன்றாக நடித்திருந்தார். கோபம் வந்தால் குரலைத் தாழ்த்தினார், மற்றவர்கள் உயர்த்தினார்கள். கதாநாயகன் வழக்கம்போல் இரண்டு கையாலும் பேசினான். படிக்கட்டு வருகிற காட்சி மிகச் சிறியது. அவள் உட்காருகிறாள், யாரோ கூப்பிடுகிறார்கள், எழுந்து போகிறாள், அவ்வளவுதான்.

அதற்குச் சற்று முன்னால் பெண்கள் பக்கத்தில் இருமல் கிளம்பியது. பின்வரிசைக் குழந்தை ஒன்று என் மனைவியின் பையை மிதித்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. வற்றல் நொறுங்கி நெடி ஏறி, முதலில் ஒருத்தி, அப்புறம் வரிசையே இருமியது. தாயார் சாகிற படமாக இருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். எல்லாரும் யாருடைய பை என்று திரும்பிப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தவர்களில் காரியாபட்டி நர்ஸம்மா ஒருத்தி. உபதேசியாரின் சபைதான். என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்துகொண்டாள்.

படம் விட்டு வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. நெடி என்று நினைத்தேன். ரயிலடிக்கு நடந்தோம். பிளாட்பாரத்தில் பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டாள்.

"நான் மூடிக்கிட்டிருந்தப்பதான் அது வந்துச்சா?"

"எது?"

"நீலம். மொத பாதியில வரல. சரி, பின்னாடி வரும்னு இருந்தேன். நர்ஸக்கா திரும்புனதும் குனிஞ்சுட்டேன். அந்நேரம் பாத்து வந்துட்டுப் போயிருச்சா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளதைச் சொன்னேன்.

"படத்துல கலரே கிடையாது. எந்தப் படத்துலயும் அநேகமா கிடையாது. கலர் நாங்க போடுறது."

"நாங்கன்னா?"

"நானும் ஆர்ட்டிஸ்டும்."

"அப்ப அந்தப் பிள்ளை நெசத்துல என்ன சீலை கட்டியிருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? பச்சையா இருக்கலாம். மஞ்சளா இருக்கலாம்."

"பெறகு எதுக்கு நீலம் போட்டீக?"

"காலண்டருக்கு வாங்குன மை மிச்சம் இருந்துச்சு."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாக வேறு ஏதோ இருந்தது. "பூனைக்குட்டி?" என்றாள். மைக்கறையைப் பற்றிச் சொன்னேன். வண்டி வருகிற சத்தம் கேட்ட பிறகு, தனக்குத்தானே சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"தப்புன்னு தெரிஞ்சுதான் வந்தேன். அதையாச்சும் பாத்திருந்தா அப்பாகிட்டச் சொல்றதுக்கு ஒண்ணு இருந்திருக்கும்."

எனக்கு வருத்தமாக இருந்தது. சினிமா பார்த்து ஏமாந்து வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஏமாந்திருக்கிறேன். அது டிக்கெட்டோடு போய்விடும். இவள் கொடுத்தது டிக்கெட் காசு மட்டும் அல்ல.

அடுத்த மாதம் காரியாபட்டியில் அறுப்பின் பண்டிகை. வருஷத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அங்கே போவோம். ஆராதனையில் திருவிருந்தும் உண்டு. முதல் நாள் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். மாமனார் "வாங்க மாப்ள, சாப்பிட்டீகளா?" என்று கேட்டார். முகம் சரியாக இல்லை. காப்பி குடித்து முடிக்கிற வரைக்கும் பொறுத்திருந்தார்.

"விருதுநகர் போயிருந்தீகளாமே. நர்ஸம்மா சொன்னாக."

நர்ஸம்மா எங்களை எங்கே பார்த்ததாகச் சொன்னார்கள் என்று கேட்க என் நாக்கு துறுதுறுத்தது. கொட்டகைக்கு வெளியே ரோட்டில் தான் நடந்து போனபோது எங்களைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"நானே சொல்லணும்னுதான்ப்பா வந்தேன். படத்துக்குப் போனேன். அவுக கூப்பிடல. நான்தான் போகணும்னேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அங்கன போயி என்னத்தத்தா பாத்தே?"

"நம்ம பள்ளிக்கூடத்துக்கு எதுத்தாப்ல ஒரு போஸ்டர் ஒட்டியிருந்துச்சுல்லப்பா, நீலச் சீலை. அதைப் பாக்கப் போனேன். அது அங்கன இல்ல. அம்புட்டும் சாம்பல் நெறமா இருந்துச்சு. நீலம் இவுக அச்சாபீசுல போட்டதாம்."

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் எழுந்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அவர் மனத்துக்குள் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. ஒருவர் உபதேசியார், மற்றவர் தகப்பனார். கடைசியில் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"நீ எதைப் பாக்கப் போனியோ அது அங்கன இல்ல. அப்ப நீ பாக்கலைன்னுதான் அர்த்தம். நாளைக்கு எல்லாரோடயும் வா."

பெண் பார்க்க வந்தபோது எனக்குச் சொன்ன தீர்ப்பும் இந்த மாதிரிதான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். விஷயம் முடிந்தது என்று நினைத்துக் காப்பி டம்ளரை எடுத்து வைக்கப் போனேன். அவர் மெல்லிய குரலில் என்னிடம் கேட்டார்.

"மெய்யாவே நீலம் இல்லையா மாப்ள?"

"இல்ல மாமா."

"அந்தப் பூனைக்குட்டி?"

நான் நின்றுவிட்டேன். என் மனைவியும் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பூனைக்குட்டியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. தெருவில் போகிறவர் கண்ணுக்கு அது தெரியாது. ரோட்டைக் கடந்து, கிட்டங்கிச் சுவர் ஓரம் போய், குனிந்தால்தான் தெரியும்.

"அதுவும் இல்ல மாமா. மைக்கறை" என்றேன்.

"ஓ" என்றார். அதற்குப் பிறகு நெல் மூட்டை, கோழி, பண்டிகை ஏலம் என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர் பேசியதில் மனம் இல்லை.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. கதவு நிலையில் கரும்பு கட்டியிருந்தார்கள். பீடத்துக்குக் கீழே பூசணிக்காய், கம்பு, நிலக்கடலை, ஒரு கூடை வற்றல். மதுரையிலிருந்து குருவானவர் வந்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எல்லாரும் பாயில் உட்கார்ந்திருந்தோம். உபதேசியார் முன்னால் நின்று பாட்டு நம்பர் சொல்லி, ஜெபம் சொல்லி, எல்லாம் வழக்கம்போல் நடத்தினார். திருவிருந்து நேரம் வந்தது. அங்கே முறை, முதலில் உபதேசியார் போய் முழங்காற்படியிடுவார், பிறகு ஆண்கள், அப்புறம் பெண்கள்.

குருவானவர் கையில் தட்டோடு காத்துக்கொண்டிருந்தார். மாமனார் பெண்கள் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணியிடம் தன்னைத் தாண்டிப் போகும்படி கையைக் காட்டிவிட்டு, சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். தகப்பனாரின் தீர்ப்பை அவள் வாங்கிக்கொள்ளவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவருக்கும் புரிந்திருக்கும்.

அவர் பீடத்துக்குப் போகவில்லை. அங்கியின் முன்பக்கத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். ஆண்கள் பக்கத்து முதல் பாயில், ஊரார் பலரை அவர் உட்கார வைத்த அதே இடத்தில், உட்கார்ந்துவிட்டார். உடம்புக்கு ஏதாவதா என்று யாரோ குனிந்து கேட்டார்கள். இல்லை என்று தலையாட்டினார். நர்ஸம்மா பெண்கள் வரிசையில் நாலாவதாக இருந்தார்கள், முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

குருவானவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்து வரச் சொல்லிச் சைகை செய்தார். உபதேசியார் போகாமல் முதலில் போக யாருக்கும் கால் வரவில்லை. அந்த வருஷம் விருதுநகரிலும் சிவகாசியிலும் வந்த படங்களில் நான் பார்க்காதது அநேகமாக ஒன்றுமில்லை. எல்லாம் வேலைக்காகப் பார்த்தவை. நான்தான் முதலில் எழுந்து போனேன். மாமனாரின் முழங்காலில் என் வேட்டி உரசாமல் ஒதுங்கி நடந்து, பீடத்தின் முன் முழங்காலிட்டு, கையை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொண்டேன்.